சேமித்தேன் என்று சொல்லும் திரை
பயாஸ் அமைப்புத் திரைக்கு ஒரு மதிப்புரை

வேடந்தாங்கல் என்றதும் பறவைகள்தாம் நம் நினைவுக்கு வரும். அவ்வூர் மக்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுடத் தொடங்கியபோது, அவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் சென்று முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டறிந்திருந்தவர்கள் அவர்கள். இனி இங்கே பறவைகளைச் சுடலாகாது என்று கலெக்டரிடம் ‘கவுல்’ எழுதி வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். வாய்மொழி உத்தரவோடு திரும்பியிருந்தால், கலெக்டர் மாற்றலாகிப் போன அன்றே உத்தரவும் போயிருக்கும். எழுத்தில் இருந்ததால் அடுத்து வந்த அதிகாரியிடமும் நீட்ட முடிந்தது.

கணிப்பொறிக்கும் இதே தொல்லை உண்டு. மின்சாரம் நின்றவுடன் அதன் முதன்மை நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் அழிந்துபோகும். மறுபடியும் விசையை அழுத்தும்போது, எந்த வட்டிலிருந்து தொடங்குவது, யாருடைய கையொப்பமிட்ட நிரலை நம்புவது, கடவுச்சொல் கேட்பதா வேண்டாமா என்பவற்றை எங்கோ எழுதி வைத்த கவுலைப் பார்த்துத்தான் அது அறிந்துகொள்ள வேண்டும். அந்தக் கவுலை எழுதும் இடமே ‘பயாஸ் செட்டப்’ என்று நாம் வழங்கும் திரை. பழைய பயாஸ் போய் யூ.ஈ.எஃப்.ஐ. என்னும் புதிய முறை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் கடைத்தெருவில் பெயர் மாறவில்லை. நாமும் பயாஸ் என்றே அழைப்போம்.

நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் மதிப்புரை எழுதுகிறோம். கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் படும் இந்தத் திரைக்கு எவரும் மதிப்புரை எழுதக் காணோம். எழுதியாக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வேடந்தாங்கலில்தான் உண்டாயிற்று.

ஏரிக்கரைக்குச் சிறிது தொலைவில் உள்ள ஒரு வீட்டில் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி, பிறர் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தாள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுபோயின. எனவே விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும். அதற்கு ‘செக்யூர் பூட்’ என்னும் பாதுகாப்பு அமைப்பை முடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் செக்யூர் பூட்டுக்கு வல்லமை பெற்ற பொறியாக இருந்தால் போதும் என்பதே நிபந்தனை. அது கிடக்கட்டும்.

“சார், உள்ளே போய் ‘எனேபிள்’ பண்றேன். எஃப்10 அழுத்துறேன். ‘சேமிக்கவா’ன்னு கேக்குது, ‘எஸ்’ குடுக்கிறேன். திரும்பிப் போய்ப் பாத்தா ‘டிசேபிள்’னே இருக்கு சார். ஒரு வாரமா இதே கதைதான்.”

கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, தாய்ப்பலகை போய்விட்டது, இதற்குச் செலவு செய்வதைவிட வேறு வாங்கிவிடுவது நல்லது என்று கூறிவிட்டாராம். அந்தப் பெண்ணின் தந்தை அரை ஏக்கர் பயிர் செய்பவர். ‘வேறு வாங்குவது’ என்ற சொல் அந்த வீட்டில் எப்படி விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பொறிக்கு என்ன நேர்ந்திருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் இந்தத் திரை எப்படி வளர்ந்தது என்று பார்த்துவிடுவோம். திரையின் குற்றம் அந்த வரலாற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் செட்டப் திரையே கிடையாது. தாய்ப்பலகையின் மேல் சின்னஞ்சிறு விசைகள் வரிசையாக இருந்தன. நினைவகம் எவ்வளவு, நெகிழ்வட்டு இயக்கிகள் எத்தனை என்பதையெல்லாம் பேனா முனையால் அந்த விசைகளைத் தள்ளிக் குறிக்க வேண்டும். வசதி குறைவுதான். ஆனால் தள்ளிய விசை தள்ளியபடியே நின்றது. நின்றதா என்பதைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது.

1984-இல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி.யில் விசைகளுக்குப் பதிலாக மோட்டரோலா எம்.சி. 146818 என்னும் சில்லு அமர்ந்தது. அது ஒரு கடிகாரம்; கூடவே சிறியதொரு நினைவகமும் உண்டு. மொத்தம் 64 பைட்டுகள். 14 பைட்டுகளைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது போக, மீதி 50 பைட்டுகளில் அமைப்புகள் எழுதப்பட்டன. ‘சீமாஸ்’ வகைச் சில்லாதலால் மிகச் சொற்ப மின்சாரமே போதும். கணிப்பொறி அணைந்திருக்கும்போது அதை ஒரு மின்கலம் உயிரோடு வைத்திருந்தது. இன்றும் கடைகளில் ‘சீமாஸ் பேட்டரி’ என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பெயர் வந்த வழி இதுதான்.

இந்த ஏ.டி. பொறியிடம் நான் மிகவும் மெச்சும் குணம் ஒன்று உண்டு. எழுதிய பைட்டுகளைக் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையையும் பக்கத்திலேயே எழுதி வைக்கும். மறுநாள் விழித்தவுடன் மறுபடி கூட்டிப் பார்க்கும். தொகை ஒத்துவராவிட்டால் 162 என்று திரையில் எண்ணைக் காட்டும். மின்கலம் தீர்ந்து அமைப்புகள் போய்விட்டால் 161. நாளும் நேரமும் தவறினால் 163. எண்ணைக் குறித்துக்கொண்டு கையேட்டைப் புரட்டினால் காரணம் கிடைக்கும். 50 பைட்டுகளே நினைவிருந்த பொறி, ‘நான் மறந்துவிட்டேன், இந்தக் காரணத்தால் மறந்தேன்’ என்று நாணயமாகச் சொல்லிற்று.

இப்போது இன்றைய பொறிக்கு வருவோம். இன்று அமைப்புகள் பெரும்பாலும் மின்கலத்தை நம்பிய நினைவகத்தில் இல்லை. தாய்ப்பலகையில் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ் சில்லு ஒன்றின் மூலையில் இருக்கின்றன. பொறியின் தொடக்க நிரலும் அதே சில்லில்தான் இருக்கிறது. 8 அல்லது 16 மெகாபைட் கொள்ளளவு இருக்கலாம். அதில் அமைப்புகளுக்கென ஒதுக்கிய பகுதி மிகச் சிறியது. மின்கலத்தைப் பிடுங்கி எறிந்தாலும் அங்கே எழுதியது அழியாது. கடிகாரத்துக்கு மட்டும் இன்றும் மின்கலம் வேண்டும்.

இது தெரியாமல்தான், பயாஸ் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் பேட்டரியைக் கழற்றி மாட்டு என்னும் வைத்தியம் ஊர்தோறும் உலவுகிறது. 1984-ஆம் ஆண்டுப் பொறிக்கு அது சரியான மருந்து. இன்றைய மடிக்கணினி ஒன்றில் பயாஸ் கடவுச்சொல்லை மறந்தவர் பேட்டரியை ஒரு நாள் முழுவதும் கழற்றி வைத்தாலும் பெரும்பாலும் கடவுச்சொல் போகாது. அது எழுதப்பட்டிருப்பது வேறு இடம்.

அதற்காக மின்கலத்தை அடியோடு விலக்கிவிடவும் வேண்டாம். சி.ஆர். 2032 என்னும் அந்தப் பொத்தான் மின்கலம் 20 மில்லிமீட்டர் குறுக்களவும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளது. 3 வோல்ட் தரும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்றை இயக்கிக் கடிகாரத்தை ஓட்டுவதற்குச் சில மைக்ரோ ஆம்பியர்களே செலவாகின்றன. (ஏன் இந்த விந்தையான எண் என்று கேட்கும் மாணவர்கள் 32,768-ஐ 15 முறை பாதியாக்கிப் பார்க்கட்டும்.) 3 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 220-ஐ 0.003-ஆல் வகுக்க 73,000 மணிக்கு மேல் வருகிறது. அதாவது எட்டு ஆண்டுகளுக்கு மேல். இது தாளில் போட்ட கணக்கு. மாமல்லபுரம், கோவளம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று மின்கலத்தின் தொடுமுனைகளை அரிப்பதும் உண்டு. அப்போது நல்ல மின்கலமும் தீர்ந்த மின்கலம்போல் நடிக்கும். மடிக்கணினியை அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் பெரிய மின்கலம் வற்றிப்போய், கடிகாரச் சுமை முழுவதும் இந்தச் சிறு மின்கலத்தின் தலையில் விழும். சில மடிக்கணினிகளில் பொத்தான் மின்கலமே கிடையாது. பெரிய மின்கலமே கடிகாரத்தையும் பார்த்துக்கொள்கிறது.

ஆகவே முதல் சோதனை கடிகாரம். இரவு மின்சாரத்தைத் துண்டித்து வைத்துவிட்டுக் காலையில் செட்டப் திரையில் நாளையும் நேரத்தையும் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னே போயிருந்தால் மின்கலத்தையும் அதன் தொடுமுனைகளையும் கவனியுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள்; 2.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கடிகாரம் சரியாக ஓடி, அமைப்புகள் மட்டும் நிலைக்காவிட்டால் மின்கலத்தின் மேல் பழி போடுவது அநியாயம்.

உள்ளே தெரிந்த காரணம்

அப்படியானால் ஏன் நிலைக்கவில்லை? ஃபிளாஷ் சில்லில் எழுதும் முறையை அறிந்தால் இது விளங்கும். அந்தச் சில்லில் 1 என்பதை 0 ஆக்கலாம். 0-வை மறுபடி 1 ஆக்க வேண்டுமானால் அந்த ஓர் இடத்தை மட்டும் அழிக்க முடியாது. குறைந்தது 4 கிலோபைட் கொண்ட ஒரு பாத்தி முழுவதையும் அழித்தாக வேண்டும். இப்படி அழிப்பதற்கும் ஆயுட்கணக்கு உண்டு. பொதுவாக ஒரு லட்சம் முறை என்பார்கள். ஆகவே ஓர் அமைப்பை மாற்றும்போது தொடக்க நிரல் பழையதை அழிப்பதில்லை. ‘இது செல்லாது’ என்று பழையதன் தலையில் கோடு கிழித்துவிட்டுப் புதியதை அடுத்த வெற்றிடத்தில் எழுதுகிறது. இடம் நெருக்கடியாகும்போது செல்லுபடியானவற்றை மட்டும் திரட்டி வேறிடத்தில் வைத்துவிட்டுப் பாத்தியைத் துடைக்கிறது. நம் கிராமக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் அடித்து அடித்து எழுதிவிட்டு, ஏடு தீர்ந்ததும் புதுப் பேரேட்டில் நிலுவையை மட்டும் ஏற்றுவது போன்ற வேலை.

இந்த எழுத்து வேலை தோல்வியடையப் பல காரணங்கள் உண்டு. பேரேட்டில் இடமில்லாமல் போகலாம். சில்லு பழுதாகலாம். சில்லுக்கு எழுதத் தடை விதிக்கப்பட்டிருக்கலாம். எழுத வந்தவரிடம் உரிய கையொப்பம் இல்லாதிருக்கலாம். யூ.ஈ.எஃப்.ஐ. விதிநூலை வகுத்தவர்கள் இதை நன்றாகவே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஓர் அமைப்பை எழுதச் சொன்னால் சில்லைக் காக்கும் நிரல் பதில் சொல்லியாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வெற்றி என்பது ஒரு பதில். ‘இடம் போதவில்லை’, ‘சாதனம் பழுது’, ‘எழுதத் தடை’, ‘பாதுகாப்பு விதி மீறல்’ என்று தோல்விக்குத் தனித்தனிப் பதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் உண்டு.

என் குற்றச்சாட்டின் மையம் இதுதான். காரணம் பொறிக்குள் தெரிந்திருக்கிறது. கேட்டால் சொல்ல வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் நான் கண்ட பல திரைகள் அந்தப் பதிலைப் பயன்படுத்துவோரிடம் சேர்ப்பதில்லை. ‘மாற்றங்களைச் சேமித்து வெளியேறவா’ என்று கேட்கின்றன; ஆம் என்றால் பொறியை மறுபடி தொடங்கிவிடுகின்றன. எழுதினேன் என்றோ, எழுத முடியவில்லை என்றோ ஒரு சொல் இல்லை. 161, 162 என்று 1984-இல் சொன்ன இடத்தில் இன்று மௌனம். மெகாபைட் கணக்கில் இடமிருந்தும் ஒரு வரி எழுத மனமில்லை. நாற்பதாண்டு வளர்ச்சிக்குப் பின் நேர்ந்த இந்த இறக்கத்தை என்னவென்று சொல்வது?

பாதுகாப்புக்காக மறைக்கிறோம், காரணத்தைச் சொன்னால் திருடனுக்கு வழிகாட்டியதாகும் என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பதில் எண்களை இயங்குதளத்தின் நிரலொன்று கேட்டே பெற்றுக்கொள்ளலாம். லினக்ஸ் பயன்படுத்துவோர் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருடனுக்குத் தெரிவது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இருப்பதில் என்ன பாதுகாப்பு?

இந்த மௌனத்தால் விளைந்த கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2017 அக்டோபரில் உபுண்டு லினக்ஸின் 17.10 என்னும் பதிப்பு வெளிவந்தது. அதை நிறுவியவர்களில் லெனோவோ மடிக்கணினி வைத்திருந்த பலர் விந்தையான குறையொன்றைக் கூறத் தொடங்கினார்கள். செட்டப் திரைக்குள் போகிறார்கள், மாற்றுகிறார்கள், சேமிக்கிறார்கள், திரும்பிவந்து பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. யூ.எஸ்.பி. வழியாகத் தொடங்கவும் முடியவில்லை. ஏசர், தோஷிபா பொறிகள் சிலவற்றிலும் இதே குறை தோன்றியது. தாய்ப்பலகை போயிற்று என்றே பலர் எண்ணினார்கள்.

நேர்ந்தது இதுதான். ஃபிளாஷ் சில்லுக்குள் நிலைப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் ஒரு சில பிட்டுகளை ஏற்றிவிட்டால் சில்லு எழுதுவதற்கு இடங்கொடாது. படிக்க மட்டும் விடும். உபுண்டுவின் கருநிரலில் சேர்க்கப்பட்டிருந்த இன்டெல் ஃபிளாஷ் இயக்கி நிரலிலிருந்த பிழை அந்தப் பிட்டுகளைக் கலைத்துவிட்டது. சில்லு கெடவில்லை, கதவுதான் பூட்டிக்கொண்டது. 2017 டிசம்பரில் உபுண்டு நிறுவனத்தார் அந்தப் பதிப்பின் தரவிறக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். திருத்திய பதிப்பு 2018 ஜனவரி 12-ஆம் தேதி வந்தது. 4.14.9 என்னும் திருத்திய கருநிரலை ஒரு முறை இயக்கி, பொறியை மறுபடி தொடங்கியபோது பூட்டுத் திறந்துகொண்டது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. ‘எழுதத் தடை’ என்ற இரண்டு சொற்களை அந்தத் திரை முதல் நாளே காட்டியிருந்தால், எத்தனை பேருடைய உறக்கம் மிச்சமாகியிருக்கும்!

இன்னொன்று சாம்சங் பொறிகளின் கதை. 2013-இன் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் சில மடிக்கணினிகள் லினக்ஸை இயக்கியவுடன் செங்கல்லாகிவிட்டன. விசையை அழுத்தினாலும் விழிக்கவில்லை. லினக்ஸின் குற்றம் என்றே முதலில் பேச்சு எழுந்தது. மேத்யூ காரெட் என்னும் நிரலாளர் ஆராய்ந்து, அமைப்புகளுக்கான சிறு பகுதியை அளவுக்கு மேல் நிரப்பினால் தொடக்க நிரல் தடுமாறிப் போகிறது என்று கண்டார். விண்டோஸிலிருந்தே நிரப்பியும் அதே விபத்தை உண்டாக்கிக் காட்டினார். பேரேடு நிறைந்தால் ‘இடமில்லை’ என்று சொல்லத் தெரியாமல் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்த கதை. அதற்குப் பிறகு லினக்ஸ் கருநிரலில், அந்தப் பகுதியில் சிறிதளவு இடத்தை எப்போதும் காலியாக விட்டுவைக்கும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

கல்லூரிப் பெண்ணின் பொறி

இந்த இரண்டில் எதுவும் வேடந்தாங்கல் பொறியின் நோயன்று. அங்கே கடிகாரம் ஒரு நிமிடமும் பிசகவில்லை. பாதுகாப்போடு தொடர்பில்லாத அற்பமான அமைப்பு ஒன்றை, எண் விசைகளை முடுக்கும் நம்லாக்கை, மாற்றிச் சேமித்துப் பார்த்தோம். நிலைத்தது. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் எவரும் ‘சேமிக்கவில்லை’ என்ற முடிவுக்கு வரலாகாது. எதுவுமே நிலைக்காவிட்டால் சில்லின் தடை, சில்லின் பழுது அல்லது இடநெருக்கடி. பாதுகாப்பு அமைப்புகள் மட்டும் நிலைக்காவிட்டால் அதிகாரம் பற்றிய வழக்கு. அந்த வரியே மங்கலாகி, தொட முடியாமல் இருந்தால் முதலில் மேலாளர் கடவுச்சொல் ஒன்றை வைக்கச் சொல்கிறது என்று பொருள். பல பொறிகளில் அது வைத்த பிறகுதான் செக்யூர் பூட் வரி உயிர் பெறும். வைத்த கடவுச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மறந்தால் வரும் இன்னலை மேலே கூறினேன். ‘சி.எஸ்.எம்.’ அல்லது ‘லெகஸி’ என்னும் பழைய முறை இயங்கிக்கொண்டிருந்தாலும் செக்யூர் பூட் இடம் கொடாது. பழைய முறையில் நிறுவிய விண்டோஸை வைத்துக்கொண்டு அதை அணைத்துவிட்டால் பொறி தொடங்கவே தொடங்காது. ஆகையால் அவசரப்படக் கூடாது.

இனி அந்தத் திரையைப் படித்துப் பார்ப்போம். செக்யூர் பூட் என்று ஒரு வரி. எனேபிள், டிசேபிள் என்று மாற்றலாம். அதற்கு மேலே செக்யூர் பூட் நிலை என்று இன்னொரு வரி. அதை மாற்ற முடியாது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பெயர். அந்தப் பெண் கீழ் வரியை மாற்றிவிட்டு மேல் வரியைப் பார்த்து ஏமாந்திருக்கிறாள். கீழ் வரி நம் விருப்பம். அது ஒழுங்காகச் சேமிக்கப்பட்டே இருந்தது. மேல் வரி விளைவு. பொறி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கணக்கிட்டுக் காட்டுவது.

விளைவு ஏன் ‘டிசேபிள்’ என்று நின்றது? செக்யூர் பூட் என்பது சாவிகளின் ஏற்பாடு. 2011-இல் யூ.ஈ.எஃப்.ஐ. விதிநூலில் இடம்பெற்று, 2012-இல் விண்டோஸ் 8-ஓடு பரவலாயிற்று. பொறியைச் செய்தவருடைய முதற் சாவி ஒன்று. அதன் கீழே, பட்டியல்களைத் திருத்தும் உரிமை பெற்ற சாவிகள். அவற்றின் கீழே, நம்பத்தக்க கையொப்பங்களின் பட்டியல் ஒன்றும் விலக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றும். முதற் சாவி இருந்தால்தான் ஏற்பாடு உயிர்பெறும். அது இல்லாவிட்டால் பொறி ‘செட்டப் மோட்’ என்னும் திறந்த நிலையில் இருக்கிறது. நீங்கள் எத்தனை முறை எனேபிள் செய்தாலும் காவல்காரன் இல்லாத வாயிலுக்குக் காவல் உத்தரவு எழுதியது போலத்தான். இந்தப் பெண்ணுக்கு முன் அந்தப் பொறியை வைத்திருந்த யாரோ எதையோ நிறுவுவதற்காகச் சாவிகளை அழித்துவிட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தின் அடியில் தொழிற்சாலைச் சாவிகளை மீட்டு வைக்கும் வரி ஒன்று இருந்தது. அதை அழுத்திச் சேமித்தோம். மறுபடி தொடங்கியதும் மேல் வரி எனேபிள் என்று மாறியது. ஐந்து நிமிட வேலை. தாய்ப்பலகை நலமாகவே இருக்கிறது.

‘முதற் சாவி இல்லாததால் செக்யூர் பூட் செயற்படவில்லை’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்களில் எவருக்கும் அங்கே வேலையே இருந்திருக்காது. ‘பிளாட்பார்ம் மோட்: செட்டப் மோட்’ என்று எழுதியிருந்தார்கள். செட்டப் திரைக்குள் செட்டப் மோட் என்றிருந்தால் அது நோய்க்குறி என்று யாருக்குத் தோன்றும்?

இந்தச் சில்லில் ஒழுங்காக எழுத முடிவது இப்போது முன்னைவிட அவசரமான காரியம். 2011-இல் மைக்ரோசாஃப்ட் வழங்கிய செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் தொடங்கி முடிகிறது. அவற்றின் இடத்தில் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் பொறி நின்றுவிடாது. தொடக்க நிலைக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமல் போகும். 2023-இல் வெளிப்பட்ட பிளாக்லோட்டஸ் போன்று செக்யூர் பூட்டையே ஏமாற்றித் தொடக்கத்திலேயே நுழையும் நச்சு நிரல்களை எதிர்க்க அந்தத் திருத்தங்கள் வேண்டும். 2024-இல் வெளிப்பட்ட இன்னொரு வெட்கக்கேட்டையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நம்ப வேண்டாம்’ என்று பெயரிலேயே எழுதப்பட்டிருந்த மாதிரிச் சாவியை முதற் சாவியாகவே வைத்து நூற்றுக்கணக்கான மாதிரிப் பொறிகளை விற்றிருக்கிறார்கள். நிறுவனங்கள் தங்கள் திரையைத் தாங்களே படிப்பதில்லை போலும்.

மொழியைப் பற்றியும் ஒன்று. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பல லட்சம் வீடுகளுக்கு முதன்முதலாகக் கணிப்பொறி வந்தது அதனால்தான். இயங்குதளம் தமிழில் பேசக் கற்றுக்கொண்டது. செட்டப் திரை மட்டும் நான் பார்த்த பொறிகளில் தமிழ் பேசவில்லை; சீனம், ஜப்பானியம், பிரெஞ்சு பேசுபவை உண்டு. விதிநூலில் தடை இல்லை. அங்கே எழுத்துகள் 16 பிட் யூனிகோடில் வைக்கப்படுகின்றன; தமிழுக்கு அதில் இடமுண்டு. உண்மையான சிக்கல் வேறு. எளிய வகை எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் 8-க்கு 19 அல்லது 16-க்கு 19 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் அடங்கி, வந்த வரிசையிலேயே நிற்கும். நம் ‘கெ’யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் காட்டப்பட வேண்டும். அந்த இடமாற்றம் அங்கே தெரியாது. ஆனால் தமிழ்த் தட்டச்சுப் பொறி இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது: கொம்பை முதலில் அடி, பிறகு ககரத்தை அடி. செட்டப் திரையில் இருப்பதோ முன்கூட்டியே எழுதி வைத்த சில நூறு வாக்கியங்கள். அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடுக்கி வைத்துவிட்டால் போதும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் திறந்த மூலத் தொடக்க நிரல் ஒன்றை எடுத்து இதைச் செய்து பார்க்கலாம். செய்தால் இந்த இதழுக்கு எழுதுங்கள்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு உடனே செட்டப் திரைக்குள் நுழையப் போகிறவர்களுக்கு. விண்டோஸ் தன் வட்டைப் பிட்லாக்கர் முறையில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024-இன் விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவியவர்களுக்கு அது கேட்காமலேயே பூட்டியிருக்கக்கூடும். பூட்டிய வட்டோடு செக்யூர் பூட்டை மாற்றினால், மறு தொடக்கத்தில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். இல்லையேல் வட்டிலுள்ளவை உங்களுக்கு இல்லை. பயாஸைப் புதுப்பிக்கிறவர்கள் மின்கலம் நிறைந்தும் மின்வடம் செருகியும் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனால் தாய்ப்பலகை போயிற்று என்ற பேச்சு உண்மையாகிவிடும். அந்தப் பெண்ணின் வட்டு பூட்டப்பட்டே இருந்தது. எதையும் தொடுமுன் அவள் அந்த 48 இலக்கங்களையும் இயற்பியல் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆறாறாகப் பிரித்து எழுதிக்கொண்டாள். அவளுடைய தம்பி ஒவ்வொன்றாய் உரக்கப் படித்துச் சரிபார்த்தான்.